கவிழ்த்து வைத்த சிரட்டை

"அது வேத வசனம் போடுத இடமாக்கும் ஞானம், அதில போய் கவிதை..."

"வசனம் பொறத்தால கிடக்கட்டு. முன்னால எனக்க பிள்ளைக்க..."

"சொல்லுததைக் கேளு..."

"என்னத்தைக் கேக்க? ஒரு வருசமா உங்களுக்க பெருமூச்சைத்தானே கேக்கேன்!"

ராஜதாஸ் கைபேசியை மேசையில் தள்ளி வைத்தார். பாறசாலை அச்சகத்து பிஜு அனுப்பிய கார்டின் மாதிரி அதில் விரிந்து கிடந்தது. மேலே சிலுவை, நடுவில் ஜினுவின் படம், கீழே பிறப்பும் இறப்பும், அதற்கும் கீழே வெற்றிடம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையாருக்குக் கொடுக்க வேண்டிய முதலாம் ஆண்டு நினைவு கார்டு அது.

அந்த வெற்றிடத்தில் மகனின் கவிதை வரவேண்டும் என்று நிற்கிறாள் மனைவி ஞானபாய். விடியலில் அப்பாவோடு ரப்பர் வெட்டி, மரத்தில் கட்டிய கொட்டாங்கச்சிச் சிரட்டைகளில் பால் எடுத்துவிட்டு, காரக்கோணத்தில் கைபேசி பழுது பார்க்கப் போய்வந்தவன் ஜினு. அவன் எழுதியதில் அச்சேறியது இது ஒன்றுதான். நாகர்கோவிலிலிருந்து வரும் ஒரு சிறுபத்திரிகையில், அவன் இறப்பதற்கு முந்தைய மாதம் வந்தது.

"ஒருக்கா வாசி மக்களே" என்றாள் மகளிடம்.

ஷிஜா அமரவிளைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் எடுக்கிறாள். தம்பியின் வரிகளைக் குரல் ஏற்றாமல் வாசித்தாள்.

*பால் ஊறாத மரத்தைத் தொடாமல்*
*சிரட்டையைக் கவிழ்த்து வைத்தேன்.*
*மழை*
*அதன் முதுகோடு பேசிக்கொள்ளட்டும்.*
*உள்ளே*
*ஒரு கை இருட்டு*
*உலர்ந்தபடி இருக்கும்.*

"கேட்டியா?" என்றார் ராஜதாஸ். "பால் இல்லாத மரம், கவிழ்ந்த சிரட்டை, இருட்டு. சாவுக்கு வேற என்ன எழுதணும்? பய சொல்லிட்டுத்தான் போயிருக்கான் எண்ணு கார்டை வாங்கினவன் ஒக்க பேசுவினும்."

"பேசினா பேசட்டு. சிரட்டையை நாம எதுக்குக் கவிழ்த்துதோம்? மழைத்தண்ணி விழாம இருக்க. மரத்துக்கு ஓய்வு குடுக்க. திரும்பி வந்து நிமித்தி வைக்குததுக்குத்தானே?"

"முறிக்கப் போற தோட்டத்திலயும் கவிழ்ந்துதான் கிடக்கும். அம்பூரியில உனக்க அண்ணனுக்க மரத்தை முறிச்சப்ப நீயும் பாத்தல்லா?"

"அது மண்ணில உருண்டு கிடந்தது. இவன் பாத்து கவிழ்த்து வச்சிருக்கான்."

"நீ எப்பந்தொட்டு வித்துவான் ஆன?"

"பிள்ளை போனதுதொட்டு."

தோட்டத்தின் பின்னால், கல் வெட்டிப் பாதியில் விட்ட பாறைக்குளத்தில்தான் ஜினு கிடந்தான். நீச்சல் சரியாகத் தெரியாதவன். பாறையில் அவனுடைய துண்டும் சோப்பும் இருந்தன. கால் வழுக்கி விழுந்ததாகப் போலீஸ் எழுதியது. ஊர் எதையும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அதனாலேயே, யார் வந்து கையைப் பிடித்தாலும், அந்தக் கை எதை நினைத்துக்கொண்டு பிடிக்கிறது என்று ஞானபாய் பார்ப்பாள்.

"தண்ணியில போகணும் எண்ணு மனசில உள்ளவன், உலர்ந்து இருக்கும் எண்ணு எழுதுவானா?" என்றாள் இப்போது. "நீ படிச்சவளாக்கும். நீ சொல்லு ஷிஜா."

"ரெண்டும் சரிதாம்மா. பொத்தி வச்ச மாதிரியும் இருக்கு, முடிச்சுக்கிட்ட மாதிரியும் இருக்கு. ஒரு பக்கமாட்டு சாய்ச்சா கவிதை உடைஞ்சு போவும்."

"உனக்க பிள்ளைகளுக்கு மார்க்கு போட அது போதும். எனக்குப் போதாது."

கைபேசி அடித்தது. பிஜு. யாரும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

ஷிஜா அப்பாவிடம் திரும்பினாள். "அம்மை அப்படி நினைச்சா உங்களுக்கு என்னப்பா? அவளுக்கு அதில ஒரு ஆறுதல். நீங்க எதுக்கு அவன் தானாட்டுதான் போனான் எண்ணே நிக்கிய?"

ராஜதாஸ் ஜன்னலைப் பார்த்தார். வெளியே, உறைந்த ரப்பர் பாலை மிஷினில் கொடுத்து ஷீட் அடிக்கும் ஷெட் பூட்டிக் கிடந்தது. ஒரு வருடமாக அவர் ஷீட் அடிப்பதில்லை, பாலாகவே விற்கிறார். இடுப்பு வலி என்று சொல்லியிருந்தார். ஞானபாய் அதை நம்பி, வாரம் தவறாமல் தைலம் தேய்த்துவிடுகிறாள்.

"வழுக்கி விழுந்திருந்தா விளிச்சிருப்பானே" என்றார்.

"ஆரை?"

"என்னைத்தான். நான் அந்த ஷெட்டுக்குள்ளதான் ஷீட்டு அடிச்சிட்டு நின்னேன். குளத்தில ஒருத்தன் துணி துவைச்சா இஞ்ச கேக்கும். மிஷினுக்க கரகரப்பில எனக்கு ஒண்ணும் கேக்கல்ல." அவர் கையை விரித்து மூடினார். "தானாப் போறவன் ஆரையும் விளிக்கமாட்டான் மக்களே. வழுக்கினவன் விளிப்பான். முங்கி முங்கி எழும்பி, அப்பா எண்ணு... எத்தற தடவை விளிச்சானோ. அதுக்கு அவன் தானாப் போனதே மேல் எண்ணு..."

ஜன்னலைச் சாத்தினார்.

ஞானபாய் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வருடமாக அவனைக் கால் வழுக்கவைத்துக் காப்பாற்றி வந்தவள் அவள். வழுக்கிய பிறகு தண்ணீருக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை அவள் நினைத்ததே இல்லை. அவருக்கோ நினைக்க அது ஒன்றுதான் இருந்திருக்கிறது.

கைபேசி மறுபடி அடித்தது. ஷிஜா எடுத்தாள்.

"அக்கா, பிரஸ் அடைக்கப் போறேன். வசனமா, கவிதையா? ஒண்ணு சொல்லுங்க."

"நில்லு பிஜு" என்று கைபேசியைப் பொத்திக்கொண்டாள்.

ஞானபாய் கணவரின் பக்கத்தில் போய் நின்றாள். தொடவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மகளைப் பார்த்தாள்.

"எனக்குக் கவிதை ஒண்ணும் தெரியாது ஷிஜா, நான் என்னத்தையோ சொன்னேன். அவன் ஆரையும் விளிக்கல்ல எண்ணு அதில எழுதியிருக்குதல்லா? அப்பாக்க முகத்தைப் பாத்துச் சொல்லு மக்களே."