கறுப்பு வெள்ளையில் படித்தவன்

அமெரிக்காவின் வடக்கில், பெரிய ஏரிக்கரையில் இருக்கும் டுலூத் நகரத்தில் புதன்கிழமை என்றால் என் காமிக்ஸ் கடைக்குப் புதுச் சரக்கு வரும் நாள். பெட்டியைப் பிரிப்பதற்குள் ஆட்கள் வந்து நிற்பார்கள். வாங்குவதற்கு வருகிறவர்கள் பாதி, சண்டை போட வருகிறவர்கள் பாதி. அந்தப் புதன்கிழமை சண்டை ‘வாடைக்காரி’யைப் பற்றி.

அதை எழுதி வரைந்தவள் எங்கள் ஊர் மார்லிஸ். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், இருபது வருடமாக என் சிநேகிதி. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, நிறுத்திய வண்டியிலேயே உட்கார்ந்து ஏழு வருடம் வரைந்த சித்திர நாவல். காற்றை ஏவிக் கப்பல்களைக் காப்பாற்றும் ஒரு சூப்பர் ஹீரோ பெண்ணுக்கு வயதாகிச் சக்தி குறைகிற கதை. இணையத்தில் வாசகர்கள் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள், இல்லாவிட்டால் ஒன்றோடு நிறுத்தினார்கள். நடுவில் ஆளே இல்லை.

ஒன்று கொடுத்த கூட்டத்துக்கு வழிகாட்டி, ‘பழைய மசி’ என்ற பெயரில் வந்த விமர்சனம். “எது இளமை, எது முதுமை என்று எழுதியவருக்கே தெரியவில்லை. முகமூடி போட்ட பெண் பக்கத்துக்குப் பக்கம் வழிதவறித் திரிகிறாள்” என்று ஆரம்பிக்கும். பயனுள்ள விமர்சனம் என்று இருநூற்றுச் சொச்சம் பேர் அதற்குக் குறி போட்டிருந்தார்கள்.

பழைய மசி நான்தான். எனக்கும் ஒரு காலத்தில் வரைகிற ஆசை இருந்தது. பன்னிரண்டு பக்கத்தோடு படுத்துவிட்டது. மார்லிஸ் புத்தகம் வருகிறது என்றதும் சிரித்துக்கொண்டே கைகுலுக்கினேன். வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆர்வினும், பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிற ட்ரூடியும் அன்று மல்லுக்கு நின்றார்கள்.

“பத்துப் பக்கம் தாண்டல பெருசு. பழைய மசி சொன்னத படிச்சுட்டு உக்காந்தேன். அவரு சொன்ன மாதிரியே தல சுத்திச்சு” என்றாள் ட்ரூடி.

“அந்தாளுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? உனக்குமா?” ஆர்வின் புத்தகத்தை விரித்து மேசையில் வைத்தார். “மஞ்சளா இருந்தா அவ சின்னப் பொண்ணு. நீலமா இருந்தா கெழவி. பச்சப் புள்ளைக்குக்கூடப் புரியும்.”

நானும் குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க மஞ்சள் வெயில், எதிர்ப்பக்கம் முழுக்க நீலக் குளிர். அந்த வண்ணங்களை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

கடைக்காரர்கள் மூன்று மாதம் முன்னாலேயே எத்தனை பிரதி வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். அதற்காகப் பதிப்பகம் ஒரு முன்பிரதி அனுப்பும், கறுப்பு வெள்ளையில். வண்ணம் இன்னும் சேரவில்லை என்று அட்டையிலேயே போட்டிருக்கும். முப்பது வருடமாக அப்படிப் படித்தே தீர்ப்புச் சொல்லிப் பழகியவன் நான். கதையும் கோடும்தான் உயிர், வண்ணம் வெறும் பூச்சு என்று வாடிக்கையாளர்களிடம் வாய் கிழியப் பேசியிருக்கிறேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. பொறாமையும் சேர்ந்தால் அந்த மட்டும் இல்லை.

கதவைத் திறந்துகொண்டு மார்லிஸ் வந்தாள்.

“என்ன, என் தலையத்தான் உருட்டுறீங்களா?” என்று சிரித்தாள். “சண்ட போடாதீங்க. பழைய மசி சொன்னதுல தப்பில்ல. ரெண்டாவது பதிப்புல எல்லாப் பக்கத்துலயும் மேல எழுத்துப் போட்டுட்டேன். ‘நாற்பது வருடம் முன்பு’, ‘இன்று’ன்னு. நாளைக்கு அச்சுக்குப் போகுது.”

“கெடுத்தியே” என்றார் ஆர்வின். “கடைசியில மஞ்சளும் நீலமும் ஒரே கட்டத்துல கலக்குதே, அங்க என்ன எழுதுவ?”

“அத எடுத்துட்டேன்.”

“மார்லிஸ், எவனோ சொன்னான்னு எதுக்கு மாத்துற? அப்படியே விட்டுடு” என்றேன். மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கத்தான் பார்த்தேன்.

“எவனோ இல்ல வெர்னன். தொழில் தெரிஞ்ச ஆளு. எழுத்துலயே தெரியுது. நீ இன்னிவரைக்கும் ஒரு வார்த்த சொல்லல, எனக்கும் கேக்க பயமா இருந்துச்சு. சொல்லு, அந்தக் கடைசிக் கட்டம் உனக்குப் புடிச்சுதா? நீ புடிச்சுதுன்னா இப்பவே அச்ச நிறுத்திடுறேன்.”

பிடித்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். புத்தகமும் பிழைக்கும், நானும் பிழைப்பேன். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்ணத்தில் பார்க்காத கட்டத்தைப் பிடித்தது என்று அந்த முகத்திடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“நான் அத வண்ணத்துல பாக்கவே இல்ல” என்றேன். “முன்பிரதியத்தான் படிச்சேன். கறுப்பு வெள்ளையில. பழைய மசி நான்தான்.”

ட்ரூடி கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தாள். ஆர்வின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“முப்பத்தெட்டுப் பேருக்கு வித்தேன்னு சொன்னியே” என்றாள் மார்லிஸ், மெதுவாக. “அதுல ஒண்ணக்கூடப் பிரிச்சுப் பாக்கலையா?”

“இல்ல.”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் போனை எடுத்துப் பதிப்பகத்தைக் கூப்பிட்டாள். எழுத்தெல்லாம் வேண்டாம், பழையபடியே அச்சடியுங்கள், கடைசிக் கட்டத்தையும் திரும்பச் சேருங்கள் என்றாள். ஏன் இந்தத் திடீர் மாற்றம் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

“குற சொன்னவரு புத்தகத்த ஒழுங்காப் பாக்கவே இல்லையாம்.”

அந்தப் பக்கம் இன்னும் ஏதோ கேட்டார்கள். மார்லிஸ் என்னைப் பார்த்தாள். இருபது வருடத்தில் அப்படி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

“இல்லைங்க” என்றாள் போனில். “எனக்குத் தெரிஞ்சவரு இல்ல.”