ஆட்டுக்குட்டி ஏறிய பஸ்

இசக்கித்துரை கதை எழுதுவார், ஏஞ்சல் படம் போடுவாள். பதினேழு வருஷத்தில் குழந்தைகளுக்கான ஒன்பது புத்தகங்கள் அப்படித்தான் வந்தன. அவருக்குச் சங்கரன்கோவிலில் பெயின்ட் கடை. அவள் டிராயிங் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்து, ஒரே ஒரு வரிக்காக இருவரும் வாய் வலிக்கச் சண்டை போடுவார்கள்.

போன தை மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. மற்றவர்கள் பேசுவது புரிந்தது. பதில் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. வாயில் மிஞ்சியது ‘பெறவு’ என்ற ஒரே சொல். பசித்தாலும் பெறவு, வலித்தாலும் பெறவு. அவர் மனைவி தங்கத்தாய் ஒன்றும் விளங்காமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

ஏஞ்சல் அட்டைகளை வெட்டி, தண்ணீர், காப்பி, தலைவலி, ஃபேன் என்று வரைந்து கொண்டுபோனாள். “வேணுங்கிறதத் தொட்டுக் காட்டுங்க அண்ணாச்சி.” இடது கையால் தொட்டுக் காட்டினார். அவருக்குப் பொழுது போகட்டும் என்று ஆடு, பஸ், மழை எல்லாம் வரைந்து சேர்த்தாள்.

ஒருநாள் அவள் போனபோது போர்வைமேல் நாலு அட்டைகள் வரிசையாக இருந்தன. ஆட்டுக்குட்டி, பஸ், மழை, ஜன்னல்.

“காலையில இருந்து இதையே அடுக்குதாக. ஆட்டுக்கறி கேக்காகளோ என்னமோ” என்றாள் தங்கத்தாய்.

ஏஞ்சல் கொஞ்ச நேரம் பார்த்தாள். “இல்ல மதினி, கதை சொல்லுதாக.”

அவர் கண் நிறைந்துவிட்டது.

“குட்டி பஸ்ஸுல ஏறிட்டு. மழை பெய்யுது. ஜன்னல் வழியா வெளிய பாக்குது. சரியா அண்ணாச்சி?”

தலையசைத்தார். “பெறவு” என்றார். இந்தத் தடவை அந்தச் சொல்லுக்கு, ‘பிறகு’ என்ற அதன் சொந்த அர்த்தமேதான்.

ஐந்தாவது அட்டையைத் தேடினார். அவர் நினைத்த படம் இருந்த அட்டைகளில் இல்லை. ஏஞ்சல் தாயாடு வரைந்தாள், தள்ளிவிட்டார். கண்டக்டர், வீடு, புல்லுக்கட்டு, எதுவும் அவர் நினைத்தது இல்லை. எட்டு நாளில் முப்பத்திரண்டு படங்கள். எட்டாம் நாள் சாயங்காலம் அட்டைகளை அவை இருந்த டப்பாவோடு தூக்கி எறிந்தார்.

“எனக்கு எப்படித் தெரியும்? சொல்லித் தொலைங்களேன்!” என்று ஏஞ்சல் கத்திவிட்டாள். கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் புது அட்டைகளோடு வந்தவளை வாசலிலேயே அழுகைச் சத்தம் எதிர்கொண்டது. விடியும்போது இரண்டாவது முறையும் வாதம் வந்து, அவர் போய்விட்டிருந்தார்.

அந்த நாலு படங்களையே பெரிதாக்கி, பதினாறு பக்கத்துக்கு எழுத்தே இல்லாமல் வரைந்தாள். பதிப்பாளர் கதைக்கு ஒரு முடிவு கேட்டார். தாயாட்டை வரைந்து பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வேண்டாமென்று தள்ளிய படம் அது, கிழித்துப் போட்டாள். மழையில் பஸ் போய்க்கொண்டே இருப்பதோடு புத்தகம் முடிந்தது.

முதல் பிரதியைத் தங்கத்தாயிடம் கொடுத்தாள்.

“எழுத்தையே காணோமே ஏஞ்சலு. இதுல அவுக எங்கன இருக்காக?”

பக்கத்தில் உட்கார்ந்து, ஏஞ்சல் ஒவ்வொரு படமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பாதியில் தங்கத்தாய் அவள் கையைப் பிடித்தாள்.

“அவுகளுக்கு ஒம்மேல கோவம் இல்லட்டி. அன்னைக்கு நீ போனதும், செதறிக் கெடந்த அட்டையெல்லாம் பொறுக்கித் தரச் சொல்லிக் கையக் காட்டுனாக. நெஞ்சுமேல வச்சுக்கிட்டேதான் தூங்குனாக.”

தங்கத்தாயே அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.