நாலு மைக்ரான்

“பையைக் கவுத்து மேசை மேல கொட்டும்மா,” என்றார் சுப்பராயலு.

பொன்னி கொட்டினாள். டிபன் பாக்ஸ், சீப்பு, விழுப்புரம் - திண்டிவனம் சீசன் டிக்கெட், காகிதத்தில் மடித்த வறுத்த மல்லாட்டைப் பருப்பு. சுப்பராயலு டிபன் பாக்ஸையும் திறந்து பார்த்தார். கேப்பை அடை. மூடும்போது அவர் முகத்தில் லேசான வெட்கம் தெரிந்தது. சந்தேகம் மட்டும் போகவில்லை.

“இங்க எப்படி சார் இருக்கும்? ஃபைலைக் காப்பி பண்ண டேப்பு நேத்தே போய்ச் சேர்ந்திருக்கும்,” என்றார் பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் தேவநாதன்.

திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டு மாடி ஒன்றில் அந்த ஆபீஸ் தொடங்கி, இந்த 1988-உடன் இரண்டு வருஷம். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்காக டெலிபோன் சிப் வரைந்து கொடுப்பது தொழில். தலைமுடியை நூறாகப் பிளந்தால் ஒரு பங்கு எவ்வளவோ, அதுதான் மைக்ரான். அந்தக் கணக்கில் அளந்து, கம்ப்யூட்டர் திரையில் கலர் கலராகக் கோடு போட வேண்டும். முதலாளி சுப்பராயலு, தேவநாதன், பொன்னி. மூன்றே பேர்.

“தப்பு என்னன்னாவது சொல்லுங்க சார்,” என்றாள் பொன்னி.

சுப்பராயலு திரையைக் காட்டினார். “யாரோ மொத்த வேலையையும் ஃபிளாட்டன் பண்ணி வெச்சிருக்காங்க. உன் பேர்ல இருக்குது. நேத்து புதன்கிழமை, சாயங்காலம் ஆறு பத்து.”

அந்த ஆபீஸில் செய்யவே கூடாத காரியம் அது.

சிப்பில் செல் என்று ஒரு சின்னத் துண்டை ஒரு முறைதான் வரைவார்கள். பிறகு அதையே பெயர் சொல்லி, பதினாறு வரிசையாக, இருநூற்றைம்பத்தாறு இடத்தில் உட்கார வைப்பார்கள். மூலச் செல்லில் ஒரு கோட்டை மாற்றினால் அத்தனையிலும் மாறிவிடும். மூலச் செல்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாதபடி சுப்பராயலு பூட்டி வைத்திருந்தார். வேலை ஃபைலை மட்டும் எவனாவது தூக்கிப் போனால் வெறும் பெயர்கள்தான் கிடைக்கும். ஃபிளாட்டன் செய்துவிட்டாலோ பெயர்கள் உதிர்ந்து, எல்லா இடத்திலும் கோடுகளே வந்து நிற்கும். அதற்கப்புறம் மூலத்தோடு ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஃபைலை அப்படியே விற்கலாம்.

“நான் ஆறு மணி பாசஞ்சர்ல போயிட்டேன் சார்.”

“நான் கௌம்பறப்ப நீ உக்காந்துக்கினுதானே இருந்தே? மணி அஞ்சரை,” என்றார் தேவநாதன். “பொண்ணு கஷ்டப்பட்ட குடும்பம் சார். எவனோ ஆசை காட்டியிருப்பான்.”

“கஷ்டப்பட்டா திருடுவோமா சார்? இதை எடுத்துக்கினு போயி வளவனூர் சந்தையிலயா விப்பேன்?”

“வாயைப் பாருங்க சார்!”

சுப்பராயலு கையை உயர்த்தினார். “யாரு பண்ணதுன்னு பன்னெண்டு மணிக்குள்ள பெங்களூர் கம்பெனிக்குப் பேரு சொல்லணும். உன் பேரு போச்சுன்னா இந்தத் தொழில்ல உனக்கு எங்கயும் வேலை கெடையாது. ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு.”

மணி பதினொன்று பத்து.

“அந்த ஃபைலை ஒரு தடவ நான் பாக்கணும் சார்.”

“பாக்கறேன்னு சொல்லி அழிச்சிட்டா?” என்றார் தேவநாதன், ஜல்தியாக.

“கையே வைக்கல. நீங்க தொறங்க சார், நான் தள்ளி நின்னு சொல்றேன்.”

சுப்பராயலு திறந்தார். பொன்னி கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். நடுவில் ஒரு செல். பெருசாக்குங்க. நீலக் கோடு. அகலம் அளங்க.

“நாலு மைக்ரான்,” என்றார் சுப்பராயலு. சொன்னவர் சட்டென்று நிமிர்ந்தார். “நாலா?”

“நேத்து காலைல ஒம்போதரைக்கு, நான் ஆபீஸ் உள்ள நுழையறப்பவே, பெங்களூர்ல இருந்து நீங்கதானே சார் போன் பண்ணீங்க? நாலு பத்தாது, அஞ்சாக்குன்னு? அப்பவே மூலத்துல மாத்திட்டேன். சாயங்காலம் ஆறு பத்துக்கு நான் ஃபிளாட்டன் பண்ணியிருந்தா எல்லாமே அஞ்சுதானே இருக்கணும்? இது நேத்து காலைக்கு முன்னாடியே பண்ணது. நேத்து சாயங்காலம் என் பேருக்கு காப்பி பண்ணியிருக்காங்க.”

“அப்ப போன வாரமே பண்ணியிருப்பே,” என்றார் தேவநாதன். குரலில் பழைய தெம்பு இல்லை.

“கடைசி வரிசையைப் பாருங்க சார். பதினாறாவது. அந்த வரிசை இந்த ஃபைல்ல இருக்குதா?”

“இருக்குது.”

“அதை யாரு வெச்சா, எப்ப வெச்சா?”

சுப்பராயலு தேவநாதன் பக்கம் திரும்பினார். திங்கட்கிழமை அந்த வரிசையைத் தானே முடித்துவிட்டதாக அவருக்கு போனில் சொன்னது தேவநாதன். திங்களும் செவ்வாயும் பொன்னி லீவு. அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகப் புதுச்சேரியில் இருந்தாள். லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டவரே சுப்பராயலு. அவரோ ஞாயிறு முதல் பெங்களூரில்.

“மூலத்தை மாத்திட்டேன்னு நேத்தே உங்ககிட்ட சொன்னேனே, தேவநாதன் சார்,” என்றாள் பொன்னி. “பேப்பர் படிச்சிக்கினே ‘சரி, சரி’ன்னீங்க.”

தேவநாதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “சும்மா... பழகிப் பாக்கலாம்னு பண்ணேன் சார். சத்தியமா வேற ஒண்ணும் இல்ல.”

“பழகறதுக்கு அவ பேரு எதுக்குய்யா?” என்றார் சுப்பராயலு.

சுப்பராயலு கையை நீட்டி மேசையைக் காட்டினார்.

“சாவியை வெச்சிட்டுக் கீழ போய் நில்லு. போன் பேசிட்டு வர்றேன்.”

தேவநாதன் படியிறங்கினார். சுப்பராயலு மேசை மேல் கிடந்த சீப்பையும் சீசன் டிக்கெட்டையும் தானே எடுத்துப் பையில் போட்டார். “மனசுல வெச்சுக்காதம்மா. உக்காரு, வேலையைப் பாரு.”

பொன்னி நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஆனால் வரைபடத்தைத் திறக்கவில்லை.

“பாஸ்வேர்டை மாத்தணும் சார். இது தேவநாதன் சார் குடுத்தது.”

“மாத்து, மாத்து.”

அவள் விரல்கள் கீபோர்டின் மேல் அசையாமல் நின்றன. முதலாளி அவள் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?”