புலவருக்கு வாய்த்த சக்களத்தி

மொழியைக் காப்பாற்ற யுகத்துக்கு ஒருவர் பிறப்பாராம். இந்த யுகத்துக்கு உரியவர் தண்ணீர் மோட்டார் கம்பெனி ஒன்றின் மூன்றாவது மாடியில், கழிவறைக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தார். ஆபீசில் அவருக்குப் பெயர் புலவர். விடுப்புக் கடிதமோ கல்யாணப் பத்திரிகையோ, எதுவானாலும் “ஐயா, ஒரு பார்வை” என்று கொண்டுவந்து நிற்பார்கள். அவர் உடனே வாங்கமாட்டார். கண்ணாடியைத் துடைத்து, பெருமூச்சு ஒன்று விட்டு, கூடுதலாக இரண்டு ஒற்றெழுத்தைப் போட்டுத் தருவார். அந்தப் பெருமூச்சுக்காகத்தான் அவர் ஆபீசுக்கே வந்துகொண்டிருந்தார் என்றாலும் தப்பில்லை.

பிறகு பிழை திருத்தும் மென்பொருள் வந்தது. தப்பாக அடித்தால் தானே மாற்றியது. பெருமூச்சு விடவில்லை. வரவேற்பறைப் பெண்ணுக்கு ‘ர’வுக்கும் ‘ற’வுக்கும் வித்தியாசம் தெரியாது, அவள் எழுதிய கடிதத்தை மேனேஜர் எல்லோர் முன்னாலும் புகழ்ந்தார். புலவருக்கு வயிறு எரிந்தது. அவள்மேல்கூட இல்லை, அந்தப் பெட்டிமேல். மூத்தாள் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, எல்லோரும் இளையாளைத் தேடிப் போனார்கள்.

“என்ன புலவரே, ஈ ஓட்டுறீங்களா?” என்றார் ஸ்டோர் கீப்பர்.

“ஓட்டுறேன். அதுக்கும் ஒரு மிஷின் வர்ற வரைக்கும்.”

அவருடைய கம்ப்யூட்டரிலும் அது குடியேறியிருந்தது. ‘விழுமியம்’ என்று அடித்து நிமிர்வதற்குள் ‘விழுங்கியவன்’ என்று ஆக்கியிருந்தது. அழித்து மறுபடி அடித்தார். மறுபடியும் விழுங்கியது. “நீ யாருடி எனக்குச் சொல்லித்தர?” என்று திரையைப் பார்த்து அவர் போட்ட சத்தம் வரவேற்பறை வரைக்கும் கேட்டது.

மேனேஜர் ஓய்வுபெறும் நாள் நெருங்கியது. வாழ்த்துமடலை எழுதும் வேலையை அந்தப் பெண்ணிடம் கொடுக்க இருந்தார்கள். புலவர் வழிமறித்தார்.

“கண்ணாடி போட்டு வீட்டுல மாட்டப்போற மடல். மனுஷன் எழுதணும்யா!”

இது ஒன்று அமைந்துவிட்டால் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்துவிடுவார்கள். விரல் பறக்க அடித்தார். தன் எழுத்தைத் தானே சரிபார்ப்பது இழுக்கு என்று, பார்க்காமலே அச்சுக்கு அனுப்பினார்.

விழாவில் மேனேஜர் மடலின் கண்ணாடிச் சட்டத்தைக் கையில் பிடித்து உரக்கப் படித்தார். “தங்கள் பொறாமையால்தான் நாங்கள் இத்தனை தூரம் வளர்ந்தோம்…” நிறுத்தினார். வாய்க்குள் மறுபடி படித்துப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, கூடமே சிரித்தது.

புலவர் எழுந்துபோய் மைக்கை வாங்கினார். முகத்தில் அவமானம் இல்லை. நெடுநாள் காத்திருந்தவரின் களை இருந்தது.

“நான் ‘பொறுமை’ன்னுதான் அடிச்சேன்! அது மாத்திடுச்சு. தலையில தூக்கி வச்சு ஆடினீங்களே, பாருங்க அதோட லட்சணத்த!”

சிரிப்பு அடங்கியது. சிலர் தலையாட்டவும் செய்தார்கள். வரவேற்பறைப் பெண் மேடைக்கு ஓடி வந்தாள். யாருக்கும் கேட்கக்கூடாது என்றுதான் அவர் காதருகே குனிந்தாள்.

“ஐயா, உங்க கம்ப்யூட்டர்ல அது இல்லீங்க. நீங்க திட்டுறதக் கேக்க முடியாம போன மாசமே நான் நிறுத்திட்டேன்.”

அவர் கையிலிருந்த மைக் வேலை செய்துகொண்டிருந்தது.