நாற்பத்தெட்டு வோல்ட்

அந்த ஆஸ்பத்திரியில் பேட்டரி வண்டிக்கு இருந்த மரியாதை பெரிய டாக்டருக்குக்கூட இல்லை. எங்கோ ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஓடிக் களைத்து இங்கே வந்து சேர்ந்த கிழட்டு வண்டி. வாசலில் இறங்கும் நடக்க முடியாதவர்களை மேட்டின் உச்சியில் இருக்கும் வார்டுக்கு ஏற்றிப் போகும். அதை ஓட்டிய டிரைவருக்கு ஒரு கால் சற்றுக் குட்டை. வேறு வேலை அவருக்கு அங்கே இல்லை. வண்டி போனால் அவரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வண்டி நின்று மூன்று நாளாயிற்று. கம்பெனி ஆள் வந்து எட்டி நின்று பார்த்துவிட்டு, மோட்டாருக்குக் கரன்ட்டை அளந்து விடும் கன்ட்ரோலர் எரிந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துப் போனான். வண்டியை எடைக்குப் போட ஆஸ்பத்திரி மேனேஜர் பழைய இரும்புக்காரரை அன்று மூன்று மணிக்கு வரச் சொல்லிவிட்டார். டிரைவர் தன் அண்ணியைக் கூப்பிட்டார். மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் அண்ணி புலி, வாயிலும் அப்படித்தான்.

அண்ணி பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, சீட்டைத் திறந்தார். ஆறு பேட்டரிகளும் சேர்ந்து மீட்டரில் நாற்பத்தெட்டு வோல்ட் காட்டின. பெடலை மிதித்தால் உள்ளே டக்கென்று ஒரு சத்தம், அதோடு சரி. சக்கரம் அசையவில்லை.

"கடைசியா இதுல யார் கை வச்சது தம்பி?"

"யாருமே தொடலை அண்ணி. ஓடிட்டே இருந்துச்சு, பொசுக்குன்னு நின்னுடுச்சு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் மனிதர். அண்ணியும் அதை நம்பி ஃப்யூஸ், சாவி, சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகத் துழாவினார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. இரண்டே முக்காலுக்கு இரும்புக்காரரின் லாரி கேட்டுக்குள் நுழைந்தது. டிரைவர் அண்ணியின் பக்கத்தில் வந்து குந்தினார்.

"அண்ணி, திட்டாதீங்க. வெளியூர்லேர்ந்து பெரியவங்க பார்வையிட வர்றாங்கன்னு வண்டிக்கு நீலப் பெயிண்ட் அடிச்சேன். அடியில இருக்கற கேபிளையும் கழட்டி, அடிச்சு, காயவச்சு மாட்டினேன். அதுலேர்ந்துதான் ஓடலை. ஸ்பேனரைத் தொட்டா வேலை போயிடும்னு உத்தரவு. அதான் சொல்லலை."

"எதுக்கெல்லாம் அடிச்சீங்க?"

"கண்ணுல பட்ட எல்லாத்துக்கும்."

"நல்லவேளை, நான் அன்னிக்கு வரலை. எனக்கும் ரெண்டு கோட் அடிச்சிருப்பீங்க. பெடலை மிதிங்க, காலை எடுக்காதீங்க."

அண்ணி ஒவ்வொரு இணைப்பாக, இந்தப் பக்கம் ஒரு கம்பி, அந்தப் பக்கம் ஒரு கம்பி என்று மீட்டரை வைத்தார். இணைப்பு நன்றாக இருந்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். பூஜ்யம். பூஜ்யம். மோட்டாருக்குப் போகும் போல்ட்டில் நாற்பத்தெட்டு!

"மொத்தக் கரன்ட்டும் இங்கயே அடைபட்டு நிக்குது பாருங்க!"

பேட்டரியைத் துண்டித்துவிட்டுப் போல்ட்டைக் கழற்றினார். கேபிள் முனைக்கும் போல்ட்டுக்கும் நடுவே வழுவழுவென்று நீலத் தோல். செம்பு பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டினார். டிரைவர் மிதித்தார். சக்கரங்கள் விர்ரென்று சுழன்றன. அவர் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார்.

"காத்துல சுத்துறது இருக்கட்டும். ஆளை வச்சு மேடு ஏறுமா?" என்றார் வந்து நின்ற மேனேஜர்.

ஜாக்கியை இறக்கியதும் முன்னால் மேனேஜர் ஏறினார், பின்னால் அண்ணி. "நானும் பார்க்கறேனே" என்று கனத்த உடம்போடு இரும்புக்காரரும் ஏறிக்கொண்டார். நாலு பேரையும் சுமந்து வண்டி முக்காமல் முனகாமல் உச்சிக்குப் போனது. வார்டு ஜன்னல்களில் நர்ஸுகள் கைதட்டினார்கள். முதலில் கைதட்டியவர் இரும்புக்காரர்தான்.

"என்னதான் கோளாறு?" என்றார் மேனேஜர்.

"ஒரு போல்ட்டுல…" என்று அண்ணி பூசி மெழுகத் தொடங்கினார்.

"கோளாறு நான்தான் சார்" என்றார் டிரைவர். பயம் போயிருந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

மேனேஜர் வண்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இனிமே வெளியில மட்டும் அடிங்க. நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க."

"அப்ப நான் எதை எடுத்துட்டுப் போறது?" என்றார் இரும்புக்காரர்.

"உட்காருங்கண்ணே" என்றார் டிரைவர். "லாரி வரைக்கும் உங்களை நான் எடுத்துட்டுப் போறேன்."