ராணியின் கையுறை

1
ஒளிப்பானேன்? இந்தக் கதை ஒரு ஜோடிக் கையுறையிலிருந்து பிறந்தது. இதை எழுதுகிறவளுக்கு நாடக உடைகளை வாடகைக்கு விடும் கடையில் வேலை. பிள்ளைகளின் உயரத்தை டேப் வைத்துப் பார்ப்பாள். எந்த உடை என்பதை முகத்தைப் பார்த்தே எடுத்துவிடுவாள். டிவியில் ஓடும் மாயலோகத் தொடர் கொடுத்த பயிற்சி அது. சிவந்த பிள்ளைக்குப் பனிமலை ராணி. கறுத்த பிள்ளைக்கு அரக்கியின் கொம்பு.

2
'பனிமலை உச்சியில் பால்நிற மேனியோடு ராணி...'
(அடித்தாயிற்று. அவள் நோட்டில் இது பதினோராவது ராணி. பதினொருத்தியும் பால்நிறம். எழுதுகிற கையோ, மை கொட்டினாலும் தெரியாத நிறம்.)

3
சனிக்கிழமை ஓர் அம்மாவும் எட்டு வயது மகளும் வந்தார்கள். பிள்ளை வாயைத் திறப்பதற்குள் நம்மாள் கொம்பை நீட்டிவிட்டாள்.

"அக்கா, நான்தான் ராணி! டீச்சரே சொல்லிட்டாங்க."

"நீயா?"

"ஏன், உங்க ராணிக்கு என்னைப் பிடிக்காதா?"

"வாயாடி!" என்றாள் அம்மா. "தப்பா எடுத்துக்காதம்மா, இவ இப்படித்தான்."

ராணி உடை பிள்ளைக்குக் கச்சிதம். கூடவே முழங்கைவரை நீளும் கையுறை. அதன் பாக்கெட்டில் 'தோல் நிறம்' என்று அச்சிட்டிருந்தது.

பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "இது யாரோட தோல், அக்கா?"

கடையில் இருந்த யாருடையதும் இல்லை.

"போட்டுக்கடி, கை வெள்ளையாத் தெரியும்" என்றாள் அம்மா.

"அப்ப மூஞ்சிக்கு?"

அம்மா கைப்பையில் பவுடரைத் தேடினாள். பிள்ளையின் கண் மெல்லக் கொம்பின் பக்கம் போனது. "அரக்கிக்குக் கையுறை கிடையாதில்ல? நான் அதுவாவே..."

4
முடிவு ஒன்று: எழுதுகிறவள் கையுறையைக் கிழித்தெறிந்து வீரவசனம் பேசுகிறாள். (சுத்தப் பொய். அளவைத் தவிர வேறெதுவும் பேச அவளுக்கு வாய் வராது.)

முடிவு இரண்டு: பிள்ளை கொம்போடு வீட்டுக்குப் போகிறது. (கொம்பை முதலில் நீட்டியது யார்? அதனால் இதையும் அடித்தாயிற்று.)

முடிவு மூன்று: அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாப்பா, ராணிக்கு..."

இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. நீங்கள் தப்பித்துக்கொள்ள வேண்டாம். தலைப்பில் ராணி என்றதும் உங்கள் மனதில் வந்து நின்றவள் என்ன நிறம்? எழுதுகிறவள் பேச வேண்டியதை நீங்கள் பேசுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அம்மா பவுடர் டப்பாவைத் திறந்துவிட்டாள்.