காலியாக விட்ட இடம்

தேர்வுத் தாளைத் திருப்பியதும் மருந்துக்கடைக்காரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

லத்தீன்தான். ஆனால் அவள் படித்த லத்தீன் இல்லை. பாடப்புத்தகத்தில் சொற்கள் பள்ளிப்பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கும். இங்கே, இடைக்காலத் துறவி ஒருவர், எழுதும் தோலை மிச்சம் பிடிக்கப் பாதிச் சொல்லை விழுங்கிவிட்டு, மீதியின் தலையில் ஒரு கோடு கிழித்திருந்தார். அதை முழுச் சொற்களாக எழுதித் தர வேண்டும்.

பழைய மருத்துவச் சுவடிகளை மூலத்திலேயே வாசிக்கும் குழுவில் ஒரே ஓர் இடம். ஆரம்ப வகுப்பிலிருந்து அவளும் ஒரு வக்கீலும் போட்டி.

இதற்காகத்தான் இருமல் மருந்துக்கும் களிம்புக்கும் நடுவே நின்று “அமோ, அமாஸ், அமாத்” என்று மாதக்கணக்கில் முணுமுணுத்தாள்.

“நேசிக்கிறேன், நேசிக்கிறாய்னு மாத்திரை டப்பாகிட்ட சொல்றே. என்கிட்ட ஒரு நாளாவது சொல்லியிருக்கியா?” என்றார் கணவர் ஒருமுறை.

“அந்தப் பாடம் இன்னும் வரலைங்க.”

பக்கத்து மேஜையில் வக்கீலின் பேனா பறந்தது. இவள் நிதானமாக இறங்கினாள். டாக்டர்களின் கிறுக்கலில் ஊறிய கண். தேன், பிடிபட்டது. சோம்பு, அதுவும். அடுத்து ஒரு மூலிகை. எவ்வளவு போட வேண்டும் என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது.

ஊகித்து எழுதலாம். எழுதியவர் எழுந்து வந்தா கேட்கப் போகிறார்?

கை வரவில்லை. மருந்துச் சீட்டு புரியாவிட்டால் டாக்டருக்குப் போன் போடுவாளே தவிர, ஊகத்தில் ஒரு மாத்திரை கொடுத்தவள் இல்லை. இடத்தைக் காலியாக விட்டு, ஓரத்தில் ‘கேட்க வேண்டும்’ என்று எழுதினாள். போச்சு, இடம் போச்சு என்றது மனசு.

ஆசிரியை இரண்டு தாளையும் பார்த்தார். “இது ஏம்மா காலி?”

“புரியலை மேடம். எழுதினவருக்குப் போன் போட முடியலை.”

வக்கீல் சிரித்துவிட்டார். ஆசிரியையும்தான்.

“அங்க தோல் அரிச்சுப்போச்சு. எனக்கே தெரியாது. வக்கீல் சார், ‘ஒரு கைப்பிடி’ன்னு போட்டிருக்கீங்களே, எங்க பார்த்தீங்க?”

“அப்படித்தானே இருந்தாகணும்?”

“இருக்கலாம். ஆனா சுவடியில இல்லையே.” இவள் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு வினைச்சொல்லெல்லாம் ஒரே தப்பு. பரவாயில்லை, சொல்லித் தர்றேன். புதன்கிழமை வந்துடுங்க.”

வாசலுக்கு வந்ததும் கணவருக்குப் போன் போட்டாள்.

“புதன்கிழமை சாயங்காலம் கடை உங்க பொறுப்புங்க.”

“அடி சக்கை. சரி, நம்ம பாடம்?”

“தே அமோ.”

மறுமுனையில் அவர் அதை எழுத்துக்கூட்டிச் சொல்லிப் பார்த்தார். பிறகு, “அப்படின்னா... நான் நினைக்கிறதுதானா?”

“ஊகிக்காதீங்க,” என்றாள். “வீட்டுக்கு வந்து சொல்றேன்.”